களிமண் பூசிய காவல்காரன்

கருவேலங்காட்டின் ஓரத்தில், வற்றிப்போன ஓர் ஊருணியின் கரையில், ஆளுயரச் செம்மண் புற்று ஒன்று நின்றது. அதற்குள் ஆயிரமாயிரம் கறையான்கள் குடியிருந்தன. அந்தப் புற்றின் மேற்கு வாசலைக் கவையன் என்ற காவல்காரக் கறையான் காத்துவந்தான். காவலுக்கு அவன் ஒருவன்தான்.

முன்பு அப்படி இல்லை. கட்டெறும்புகள் படையெடுத்து வந்த கோடையில், அந்த வாசலில் ஒரு பெரும்படையே நின்றது. ஒருவன் தலை இன்னொருவன் முதுகில் இடிக்கும். அவ்வளவு நெருக்கம்! ஆபத்து என்றால் எல்லோரும் சேர்ந்து தலையைத் தரையில் தட்டுவார்கள். புற்றே அதிரும். கடைசியில் கட்டெறும்புகள் தோற்று ஓடின.

செத்தவர்கள் செத்தார்கள். மிஞ்சியவர்களும் அதன்பின் ஒவ்வொருவராகப் பசியில் ஓய்ந்துபோனார்கள்.

காவல்காரக் கறையானுக்குத் தாடை பெரிது. கத்தரிக்கோல் மாதிரி கடிக்கலாம், ஆனால் எதையும் மெல்ல முடியாது. வேலைக்காரக் கறையான்கள் வந்து வாயில் ஊட்டினால்தான் அவனுக்குச் சாப்பாடு. சண்டை முடிந்ததும் ஊட்டம் குறைந்தது. சண்டை இல்லாத காலத்தில் ஒரு வாசலுக்கு ஒரு காவல் போதும் என்பது புற்றின் முறை. கட்டெறும்பின் வாசனையை நன்றாக அறிந்தவன் என்பதால் கவையனை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அவனுக்கு இது பெருமையாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

கறையானுக்குக் கண் தெரியாது. இருட்டும் வெளிச்சமும் அதற்கு ஒன்றுதான். ஆனால் பக்கத்தில் யாரும் இல்லை என்பது கண் இல்லாமலே தெரியும். சில சமயம் கவையன் தலையைத் தரையில் மெல்லத் தட்டிப் பார்ப்பான். டொக், டொக். காத்திருப்பான். பதில் தட்டு வராது.

வெள்ளச்சி என்ற வேலைக்காரக் கறையான் மட்டும் நாள்தோறும் வருவாள்.

"அண்ணே, வாயைத் திற."

அவன் வாயைத் திறப்பான். அவள் காளான் கூழை ஊட்டுவாள். "இன்னைக்குக் கூழு கொஞ்சம் புளிப்பு, இல்லண்ணே?" என்பாள். அவன் பதில் சொல்ல மாட்டான். சண்டையில் செத்த கூட்டாளிகளை நினைத்துக்கொண்டு சும்மா விழுங்குவான். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவாள்.

போகும்போது அவள் வாயில் அவனுடைய வாசனை ஒட்டியிருக்கும். ஒவ்வொரு காவல்காரன் உடம்பிலும் காவல் வாசனை என்று ஒன்று உண்டு. அந்த வாசனையோடு வெள்ளச்சி பிள்ளைக்கூடத்துக்குப் போவாள். அங்கே மூக்காயி இருப்பாள். புற்றுப் பிள்ளைகளை எல்லாம் வளர்ப்பவள் அவள்தான். மூக்காயி யார் பேச்சையும் நம்ப மாட்டாள். தன் மூக்கை மட்டும்தான் நம்புவாள்.

வெள்ளச்சியின் வாயை மோந்து பார்ப்பாள். வாசனை அளவாக இருந்தால், "மேற்கு வாசலுக்கு ஆள் இருக்கு. போதும்!" என்பாள். குறைந்திருந்தால், ஒரு பிள்ளையைத் தனியாகப் பிரித்து, தனி ஊட்டம் கொடுத்து, காவல்காரனாக வளர்ப்பாள். கூடியிருந்தால் அந்த வாசலுக்குப் போகும் கூழைக் குறைத்துவிடுவாள். புற்றில் படை பெருகாமலும் அருகாமலும் இருந்தது இப்படித்தான்.

ஒருநாள் திடீரென்று கோடை மழை கொட்டியது. மேற்கு வாசலின் கூரை நனைந்து ஒரு பக்கமாகச் சரிந்தது. களிமண் கவையன்மேல் விழுந்து அவனை மூடியது. அவன் நெளிந்து வெளியே வந்தான். உடம்பெல்லாம் களிமண் அப்பியிருந்தது. அது அப்படியே காய்ந்தும் போனது.

வெள்ளச்சி வந்தாள். வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணே! இருக்கியா? உன் வாசனையே காணோமே!"

"இருக்கேன். மண்ணு விழுந்துடுச்சு" என்றான் கவையன்.

அவள் தடவித் தடவி அவன் வாயைத் தேடி ஊட்டிவிட்டுப் போனாள். பிள்ளைக்கூடத்தில் மூக்காயி அவள் வாயை மோந்தாள். ஒரு வாசனையும் இல்லை.

"ஐயையோ! மேற்கு வாசல் காலியா கிடக்கு!"

"இல்லம்மா, கவையண்ணன் இருக்காரு. நான் இப்பத்தான் ஊட்டிட்டு வர்றேன்."

"வாய் ஆயிரம் சொல்லும். மூக்கு பொய் சொல்லாது. கூரை இடிஞ்சதுல அவன் போய்ச் சேந்திருப்பான். பாவம்!"

அன்றைக்கே ஒரு பிள்ளையைப் பிரித்து வளர்க்கத் தொடங்கினாள் மூக்காயி. சில நாளில் அது வளர்ந்து, தாடை முற்றி, மேற்கு வாசலுக்கு வந்து சேர்ந்தது. அவன் பெயர் துடியன்.

கவையன் முதலில் நம்பவில்லை. தலையைத் தரையில் தட்டினான். டொக், டொக்.

டொக், டொக் என்று பதில் வந்தது!

"யாரது?" என்றான் கவையன்.

"நான் துடியன்! மேற்கு வாசல்ல காவல் இல்லைன்னு என்னை அனுப்பிச்சாங்க. நீ யாருண்ணே?"

அன்று கவையன் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சம் அல்ல. கட்டெறும்பு எப்படி வரும், எந்தப் பக்கம் கடிக்க வேண்டும், செத்தவர்களில் யார் யார் எப்படிப்பட்டவர்கள், எல்லாவற்றையும் சொன்னான். துடியன் "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

பிறகு கவையனுக்கு ஒரு பயம் வந்தது. உடம்பில் உள்ள களிமண் உதிர்ந்துவிட்டால்? மூக்காயிக்கு இரண்டு பேர் வாசனை போகும். ஒரு வாசலுக்கு ஒரு காவல் என்பாள். கூழ் குறையும். துடியன் ஓய்ந்துபோவான். மறுபடியும் தனிமை!

ஆகவே அவன் ஈரமான இடத்தைத் தேடிப்போய்ப் புதுக் களிமண்ணை எடுத்து மேலே நன்றாக அப்பிக்கொண்டான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒருநாள் துடியன் வயிறு சரியில்லாமல் சுருண்டு கிடந்தான். அன்று முழுக்கப் பேச்சே இல்லை. 'இவன் ஒருத்தன்தானே எனக்கு? இவனும் போயிட்டா?' என்று கவையனின் மனம் அடித்துக்கொண்டது. இவன் வாசனையும் மறைந்தால் மூக்காயி இன்னொருவனை அனுப்புவாள் என்று தோன்றியது. துடியன் தேறி எழுந்ததும் கவையன் சொன்னான்:

"தம்பி, இந்தக் களிமண்ணைப் பூசிக்க. மேற்கு வாசல் காவல்காரனுக்கு இதுதான் வழக்கம்."

"அப்படியாண்ணே? சொல்லவே இல்லையே!" என்று துடியன் உடனே பூசிக்கொண்டான்.

மறுநாள் வெள்ளச்சி இரண்டு வாய்க்கு ஊட்டினாள். ஒரு வாசனையும் இல்லாமல் திரும்பினாள். மூக்காயி திகைத்தாள். "அனுப்பின பிள்ளையும் செத்துடுச்சா? அப்போ அங்க ஏதோ பெரிய ஆபத்து!" இந்தத் தடவை ஒரு பிள்ளை போதாது என்று ஒரு கூட்டத்தையே பிரித்தாள்.

அவர்களும் வந்தார்கள். அவர்களும் களிமண் பூசிக்கொண்டார்கள். பின்னாலேயே இன்னொரு கூட்டம் வந்தது. மேற்கு வாசலில் மறுபடியும் ஒருவன் தலை இன்னொருவன் முதுகில் இடித்தது. எல்லோரும் சேர்ந்து தலையைத் தட்டினால் சுவர் அதிர்ந்தது. கவையன் நடுவில் படுத்துக்கொண்டு அந்த அதிர்வை உடம்பெல்லாம் வாங்கிக்கொள்வான். எத்தனை பேர் என்று எண்ணுவதைக்கூட அவன் விட்டுவிட்டான்.

வெள்ளச்சிதான் மெலிந்துபோனாள். "அண்ணே, ஊட்டுற வாய் கூடிக்கிட்டே போகுது. வாசனை மட்டும் வரல. கூழுக்குக் காளான் தோட்டத்தையே சுரண்ட வேண்டியிருக்கு. பிள்ளைங்களுக்குப் பத்தல. இது சரியில்லண்ணே" என்றாள்.

"உனக்கென்ன தெரியும்? ஊட்டுறது உன் வேலை. ஊட்டிட்டுப் போ!" என்றான் கவையன்.

அவள் அடுத்த வாயைத் தேடிப் போனாள்.

வர வரக் கூழ் ஆளுக்கு ஒரு துளி என்று ஆனது. பிறகு அதுவும் இல்லை. பசித்த படை சும்மா இருக்குமா? கடிக்க எதிரி இல்லை. வேரைக் கடித்தார்கள். சுவரைக் கடித்தார்கள். காற்றில் ஏதாவது ஆடினால், "யாரது?" என்று பாய்ந்தார்கள். பேச்சு குறைந்தது. கவையன் பழைய சண்டைக் கதையைத் தொடங்கினால், "கதை வயித்தை நிரப்புமா?" என்று ஒருவன் சீறினான். அத்தனை பேர் நடுவில் படுத்திருந்தும் கவையனுக்கு ஏனோ பழையபடியே இருந்தது.

அப்படி ஒரு நாளில் வெள்ளச்சி கொஞ்சம் கூழோடு வந்தாள். நாள்தோறும் களிமண் பூசியவர்களோடு உரசி உரசி அவள் உடம்பிலும் களிமண் படிந்திருந்தது. அவளுடைய புற்று வாசனையும் மறைந்துபோயிருந்தது.

முன்வரிசையில் இருந்தவன் மோந்து பார்த்தான். சொந்த வாசனை இல்லை!

"எதிரி! எதிரி!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தான். இன்னும் இரண்டு பேர் பின்னால் பாய்ந்தார்கள்.

"ஐயோ! நான்தான்யா! வெள்ளச்சி!"

கவையன் முட்டி மோதிக்கொண்டு ஓடிவந்தான். பாய்ந்தவர்களைத் தலையால் இடித்துத் தள்ளினான். அதற்குள் அவளுடைய ஒரு கால் போய்விட்டது. கூழ் தரையில் கொட்டிக் கிடந்தது. கடித்த அதே ஆட்கள் அதை நக்க முண்டியடித்தார்கள்.

"வெள்ளச்சி! வெள்ளச்சி!" என்றான் கவையன்.

அவள் நொண்டி நொண்டி இருட்டுக்குள் போனாள்.

காயம் பட்ட உடம்பிலிருந்து அபாய வாசனை எழும். அது பாதை வழியாகப் பரவிப் பிள்ளைக்கூடத்துக்கும் போனது. "மேற்கு வாசல்ல சண்டை!" என்று மூக்காயி அலறும் குரல் எதிரொலித்து வந்தது. "அங்க ஒரு காவல்கூட இல்ல! இருக்கிற பிள்ளைங்க அத்தனையையும் பிரிங்க! எல்லாரையும் காவலுக்கு வளருங்க!"

கவையன் அதைக் கேட்டுத் துள்ளி எழுந்தான். எல்லாப் பிள்ளைகளும் காவல்காரர்களாகிவிட்டால் கூழ் சமைப்பது யார்? ஊட்டுவது யார்? கட்டெறும்பால் அழியாத புற்று தன்னால் அழியப்போகிறதே!

காவல்காரன் வாசலை விட்டு நகரக் கூடாது. கவையன் நகர்ந்தான். காவலுக்கு வந்தபின் ஒருமுறையும் போகாத பாதைகளில் தடவித் தடவிப் போனான். பிள்ளைக்கூடத்தில் எப்போதும் சின்னச் சின்னக் கால்களின் சத்தம் கேட்கும் என்று வெள்ளச்சி ஒருமுறை சொல்லியிருந்தாள். இப்போது ஒரு சத்தமும் இல்லை. பசியில் பிள்ளைகள் அசையாமல் கிடந்தன.

"யார் அது? வாசனை இல்லாத எவனோ உள்ள வந்துட்டான்! பிடிங்க!" என்றாள் மூக்காயி.

"நான் கவையன்! மேற்கு வாசல் கவையன்!"

"பொய்! அவன் செத்துப்போனான்!"

பேச்சை நம்பாதவளிடம் பேசி என்ன பயன்? கவையன் ஈரச் சுவரில் உடம்பைத் தேய்த்தான். முதுகையும் வயிற்றையும் தேய்த்தான். தோல் எரியும்வரை தேய்த்தான். களிமண் உதிர்ந்தது. அவனுடைய வாசனை மெல்ல எழுந்தது.

மூக்காயி கிட்டே வந்தாள். மோந்தாள். மறுபடியும் மோந்தாள்.

"அட, நீதான்! உயிரோடதான் இருக்கியா? நீ போயிட்டேன்னு உன் பேருக்கு ஒரு உருண்டை மண்ணு வச்சுக் கும்பிட்டேனே!"

"எனக்காகவா?" என்றான் கவையன். தனக்காக யாரோ வருந்தியிருக்கிறார்கள் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

எல்லாவற்றையும் சொன்னான். எதையும் மறைக்கவில்லை. மூக்காயி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஏன்யா இப்படிச் செஞ்சே?"

"பேச ஆள் இல்லம்மா."

"வெள்ளச்சி தினமும் வந்தாளே?"



மூக்காயி பிரித்த பிள்ளைகளை எல்லாம் திரும்பச் சேர்க்கச் சொன்னாள். பிறகு, "இனிமே காவலுக்கு வளர்க்கிறதை நான் நிறுத்திடுவேன். ஏற்கெனவே வளர்ந்து நிக்கிறவங்களை என்ன செய்யிறது? அவங்க வாசனை எனக்கு வந்தாகணும். வந்தா கூழு குறையும். அது உனக்கே தெரியும். போய் நீயே சொல்லு" என்றாள்.

கவையன் வாசலுக்குத் திரும்பினான். அந்தப் பாதை போகும்போது இருந்ததைவிட நீளமாக இருந்தது.

"தம்பிகளா, களிமண்ணைத் தேய்ச்சுக் கழுவுங்க" என்றான்.

"ஏண்ணே? அதுதானே வழக்கம்னு சொன்னே?" என்றான் துடியன்.

"வழக்கம் இல்ல. நான் சொன்ன பொய். கழுவினா நாம எத்தனை பேருன்னு புற்றுக்குத் தெரியும். கூழு குறையும். பிள்ளைங்க பிழைக்கும்."

"நாம?"

"ஒருத்தன்தான் மிஞ்சுவான்."

பின்வரிசையில் ஒருவன் தாடையைக் கடகடவென்று அடித்தான். துடியன் கேட்டான், "இப்படி ஆகும்னு தெரிஞ்சுதான் பூசச் சொன்னியா, அண்ணே?"

"கூட்டத்துக்குக் கூழு எட்டாதுன்னு தெரியும். அதை நினைக்காம இருந்துட்டேன். உங்களை விட மனசு வரல."

துடியன் எழுந்தான். ஈரச் சுவருக்குப் போனான். "வெள்ளச்சி அக்காவைக் கடிச்ச கூட்டத்துல நானும் நின்னேன். நாம யாரைக் காக்கப் பிறந்தமோ அவங்களையே கடிச்சா, அப்புறம் நாம என்ன காவல்?" என்று சொல்லி முதல் ஆளாக உடம்பைத் தேய்த்தான்.

ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் தேய்த்தார்கள். காவல் வாசனை கிளம்பியது. பெரும் வெள்ளம் மாதிரி கிளம்பியது! யாரும் கொண்டுபோகத் தேவையில்லாமல் பாதை வழியே தானாகப் பாய்ந்து பிள்ளைக்கூடத்தை நிறைத்தது.

"போதும்! போதும்!" என்று மூக்காயி கத்தினாள்.

கூழ் குறைந்தது. வாசலில் தலை தட்டும் சத்தமும் நாளுக்கு நாள் குறைந்தது. யாரும் யாரையும் கடிக்கவில்லை. கடைசியாகக் கவையனும் துடியனும் மட்டும் இருந்தார்கள்.

புதிதாக ஊட்ட வந்த வேலைக்காரி வாயே திறக்காதவள். கவையன் தன் பங்குக் கூழைத் துடியனுக்குக் கொடுக்கப் பார்த்தான். துடியன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"நீ சாப்பிடுண்ணே. கட்டெறும்பு வாசனை எனக்குத் தெரியாது. நீ சொல்லித்தான் கேட்டிருக்கேன். நாளைக்கு அதுங்க வந்தா, உனக்குத்தானே தெரியும்?"

"நீ என்கிட்ட வந்திருக்கவே கூடாது, தம்பி."

"அப்படிச் சொல்லாதே. கதையெல்லாம் கேட்டேனே!" என்றான் துடியன். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொன்னு சொல்லேன்" என்றான்.

கவையன் சொல்லிக்கொண்டிருந்தான். பாதியில் "அப்புறம்?" என்ற குரல் வரவில்லை. அவன் கதையை முடிவுவரை சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, துடியன்மேல் தன் வாயால் ஈரமண் வைத்து மூடினான்.

பிள்ளைக்கூடத்தில் கால்களின் சத்தம் மறுபடியும் கேட்கத் தொடங்கியது என்று யாரோ பாதையில் பேசிக்கொண்டு போனார்கள். மேற்கு வாசலில் கவையன் தனியாக நின்றான். ஈரம் காய்ந்து, மண் வெடித்து, மீண்டும் மழை பெய்தது.

பிறகு ஒருநாள் பாதையில் காலடி கேட்டது. சீரான காலடி அல்ல. ஒரு பக்கம் இழுத்து இழுத்து வந்த காலடி.

"அண்ணே, வாயைத் திற."

கவையன் வாயைத் திறந்தான். வெள்ளச்சி ஊட்டினாள். வேறு ஒரு சொல்லும் பேசவில்லை. ஊட்டி முடித்துவிட்டுத் திரும்பினாள்.

"வெள்ளச்சி" என்றான் கவையன். "கால் வலிக்குதா?"

அவள் நின்றாள். அவளைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"வலிக்குது. மழை பெய்ஞ்சா ரொம்ப வலிக்குது" என்றாள்.

"அப்புறம்?"

அவள் சற்றுத் தயங்கினாள். பிறகு, வரும் வழியில் ஒரு புது வேர் பாதையை அடைத்திருப்பதைச் சொன்னாள். அதைச் சுற்றி வருவதற்குள் கூழ் ஆறிப்போவதைச் சொன்னாள். கவையன் முழுவதையும் கேட்டான்.

தன் தனிமையைப் போக்க உள்ள ஆள்கணக்கை ஊருக்கு மறைப்பவன், சேர்த்த துணையையும் பலி கொடுத்து, முன்பே அருகில் இருந்த துணையையும் காயப்படுத்துவான்.